இரண்டாவது பெட்டி

தீவிலிருந்து
9 ஜனவரி 2025

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். என் போனை நீ எடுக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. ஷமீர் மச்சானை அழைத்தால், "அவ குளிக்கறா" என்கிறார். ஒரு மனுஷி வாரம் முழுக்கவா குளிப்பாள்? அதனால் கப்பலில் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தில் மலையாளம் மட்டும் படித்த அக்கா தங்கை நம் இரண்டு பேரையும் உட்காரவைத்து அத்தா தமிழ் எழுதப் பழக்கினாரே, அது இதற்காவது உதவட்டும்.

கோட்டைக் கொச்சிக் கூட்டத்தில் நான் செய்தது தப்புதான். நிலத்து அழுக்கு எப்படிக் கடலுக்குப் போகிறது என்று காட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. உன் அடுக்களைத் தண்ணீர் கால்வாயில் விழுகிற படம் என் போனில் இருந்தது, போட்டுவிட்டேன். வீட்டின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் நீலப் பெயின்ட் அடித்த குழாய் மட்டாஞ்சேரியில் நம் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. சுகாதார ஆள் வந்து உன் அடுக்களையை மூடச் சொல்வார், விடுதிகளுக்குப் போகிற அரிசிப் பத்திரி ஆர்டரெல்லாம் நின்றுபோகும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. என்றாலும் படம் பொய்யில்லையே. இந்தக் கடைசி வரியை எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

இங்கே பீவித்தா என்பவரின் வீட்டில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். புருஷன் இல்லை. சுற்றுலா விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்துப் பிழைக்கிறார். பவளப்பாறை ஆராய்ச்சிக்காக நான் தண்ணீருக்குள் போகும்போதெல்லாம் கரையில் நின்று, நான் தலையைத் தூக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறார். சொந்த ஆராய்ச்சி மாதிரி.

ஓர் உதவி. கிளம்பிய அவசரத்தில் ஒரு பெட்டியைத்தான் கொண்டுவந்தேன். என் கட்டிலுக்கு அடியில் இன்னொரு பெட்டி இருக்கிறது, கடல் தண்ணீர் பிடிக்கிற பாட்டில்கள். மச்சானிடம் சொல்லி வெலிங்டன் தீவில் கப்பலில் ஏற்றிவிடச் சொல். அது இல்லாவிட்டால் என் பிஎச்டி பாதியில் நிற்கும்.

உன் கோபம் தீராவிட்டாலும் பெட்டியை அனுப்பு.
ஜுமானா


மட்டாஞ்சேரி
27 ஜனவரி 2025

ஜுமானா,

பெட்டி ஏறிவிட்டது.

குழாயைப் பார்க்கத் தெருவில் ஆள் வருகிறது, சீன வலையைப் பார்க்க வருகிற மாதிரி. நேற்று ஒருத்தன் போட்டோ எடுத்தான். விடுதிக்காரர்களில் பாதிப் பேர் வேறு இடத்தில் பத்திரி வாங்கப் பழகிவிட்டார்கள். அடுக்களையைத் திறந்தும் நான் ஈ ஓட்டிக்கொண்டு இருக்கிறேன்.

போனை ஏன் எடுப்பதில்லை என்றால், பேசினால் நீதான் ஜெயிப்பாய். நீ படித்தவள், நடுவில் புகுந்து பேசுவாய். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது. அதனால் இது நல்லது.

படம் பொய் என்று நான் சொன்னேனா? என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். பக்கத்து அறையில் படுத்திருந்தாய். எழுந்து வந்து, "லாத்தா, இந்தக் குழாய் சரியில்லை" என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை. ஊருக்கு முன்னால் சொல்ல வந்தது. எனக்கு வலித்தது அதுதான்.

மச்சான் ஸலாம் சொல்லச் சொன்னார். என் ஸலாம் இன்னும் தயாராகவில்லை.
ரஹீனா


தீவிலிருந்து
22 மார்ச் 2025

அன்புள்ள லாத்தா,

நோன்பு எப்படிப் போகிறது? உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் வாதாடத்தான் வருகிறது, அதனால் தள்ளிப்போட்டேன். இன்று நல்ல சேதி இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தீவைச் சுற்றிப் பவளப்பாறை ஒரு வளையமாக இருக்கிறது. வளையத்துக்கும் கரைக்கும் நடுவே ஆழமில்லாத கடல், லகூன் என்கிறார்கள். பவளம் கல் இல்லை, உயிர். கரையிலிருந்து சோப்புத் தண்ணீரும் கக்கூஸ் குழித் தண்ணீரும் மணலுக்குள் ஊறிக் கடலுக்குப் போனால், அதிலிருக்கும் பாஸ்பேட்டைத் தின்று பாசி கொழுத்துப் பவளத்தை மூடிவிடும். ஊர்ப் பக்கத்தில் அப்படித்தான் கிடக்கிறது. கையை வைத்தால் வழுவழுவென்று பாசி. அதன் அடியில் பவளம் செத்துக்கொண்டிருப்பது எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும், நிரூபிக்கத்தான் வழியில்லாமல் இருந்தேன்.

இப்போது வழி கிடைத்துவிட்டது. பிடித்த தண்ணீரில் ஒரு மருந்தை விட்டால், பாஸ்பேட் இருந்தால் நீலமாகும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பேட். முதல் பெட்டியில் பிடித்தது வளையத்துக்கு வெளியே உள்ள கடல், ஏறக்குறைய நிறமே இல்லை. இரண்டாவது பெட்டியில் பிடித்தது ஊர்ப் பக்கத்து லகூன். பேனா மை மாதிரி நீலம் லாத்தா! பத்து மடங்கு! என் கைடு ராமபத்ரன் சார் போனில் கத்தியே விட்டார்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஊர்க் கூட்டம் போட்டு எல்லோருக்கும் காட்டினேன். மிக அதிகமாக இருந்தது பீவித்தாவின் துவைகல்லுக்கு நேர் எதிரே. தீவு ஆபீசர் மறுநாளே அந்தத் துவைப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பீவித்தா விரிப்பு மூட்டைகளை விடுதிகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கும் நோன்பு திறக்க எனக்கு மீன் பொரித்து வைத்தார். நான் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் எண் சொல்வதை நான் எப்படி மறைக்க முடியும்? நீயே சொல்.

பெருநாள் வாழ்த்து, முன்கூட்டியே.
ஜுமானா


மட்டாஞ்சேரி
5 ஏப்ரல் 2025

ஜும்மு,

பெருநாள் முடிந்து அண்டா எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுதுகிறேன். வ அலைக்குமுஸ்ஸலாம். இந்தத் தடவை மனசாரச் சொல்கிறேன்.

கோபம் எப்படித் தணிந்தது என்று கேட்பாய். பிப்ரவரியில் கடல் ஏறியபோது தண்ணீர் கால்வாய் வழியாகத் தெருவுக்குள் வந்தது. வாசலில் கணுக்கால் அளவு நின்றது. அதில் என்ன மிதந்தது தெரியுமா? என் வீட்டுக் கறியின் எண்ணெய். மசாலா நிறத்தோடு, நான் ஊற்றினது எனக்கே திரும்பி வந்து நின்றது. உன் மச்சான் சிரித்த சிரிப்பில் எனக்கு இன்னும் கோபம் வந்தது. பிறகு அவரே தோப்பும்படி ஒர்க்‌ஷாப்பில் ஒரு தொட்டி செய்துவந்து குழாய்க்கு நடுவே வைத்தார். எண்ணெய் அதில் தங்கிவிடுகிறது. உன் படத்துக்காகச் செய்தது என்று நினைத்துத் தலைக்கனம் ஏற்றிக்கொள்ளாதே.

உன் வெற்றி எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பீவி பெருநாளைக்கு என்ன செய்தாள் என்று எழுதவில்லையே. அடுக்களை மூடிக் கிடந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும். அவளிடமாவது முதலில் சொன்னாயா, இல்லை அவளும் ஊரோடு சேர்ந்துதான் தெரிந்துகொண்டாளா?

இன்னொன்று. உன் வெற்றியில் எனக்கும் பங்கு உண்டு, அதற்கு ஒரு தேங்க்ஸ்கூட வரவில்லை. அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பாட்டில்களைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் தண்ணீர், ஆஸ்பத்திரி வாடை, கண் எரிந்தது. இந்த நாற்றத்தையா பிள்ளை கடல் கடந்து வரவழைக்கிறது என்று, உன்னோடு பேசாமல் இருந்த அந்த நாளில்தான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெந்நீரில் நல்ல சோப்புப்பொடி போட்டு பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவி மாடியில் காயவைத்து அடுக்கினேன். கோபத்தில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் பாராட்டு வேண்டும்.

உன் தங்கமான லாத்தா,
ரஹீனா


தீவிலிருந்து
16 ஏப்ரல் 2025

லாத்தா,

என்ன காரியம் செய்துவிட்டாய்.

அந்தத் தண்ணீர் அமிலம். பாட்டிலில் பாஸ்பேட் துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது என்று காக்கநாட்டு லேபில் நானே கழுவி, அமிலம் விட்டு மூடிவைத்தது. சோப்புப்பொடியில் பாஸ்பேட் இருக்கிறது. நம் குழாய்த் தண்ணீரில் எத்தனை தடவை அலசினாலும் பாட்டிலின் சுவரை விட்டுப் போகாது.

உன் கடிதம் வந்ததும் இரண்டாவது பெட்டியில் மிச்சமிருந்த காலிப் பாட்டிலை எடுத்தேன். சுத்தமான லேப் தண்ணீரை ஊற்றி மருந்தை விட்டேன். கடல் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. நீலமானது. அதே நீலம்.

யார் உன்னைக் கழுவச் சொன்னது? கட்டிலுக்கு அடியில் இருந்ததை இருந்தபடி அனுப்ப முடியாதா? எதைக் கண்டாலும் கழுவ வேண்டுமா உனக்கு?

ராமபத்ரன் சாரிடம் சொன்னேன். அவர் எல்லா எண்களையும் மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு, "இப்போதைக்கு வெளியே சொல்ல வேண்டாம். மழைக்காலம் முடியட்டும், புதிதாகத் தண்ணீர் பிடி, அதற்குப் பிறகு திருத்திச் சொல்லலாம்" என்றார். மே பாதியில் கடல் மூடிவிடும். செப்டம்பர் வரை லகூனில் இறங்க முடியாது. அதுவரை பீவித்தாவுக்கு வேலை இல்லை. பெருநாளைக்கு என்ன செய்தார் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் செய்யவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்ததைக் கொண்டுவந்து எனக்கும் வைத்தார்.

இப்போதே சொல்லிவிட்டால்? அடுத்து நான் எந்த எண்ணைச் சொன்னாலும் இந்தத் தீவில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அதுவும் ஊர்ப் பக்கத்துப் பவளம் உண்மையிலேயே செத்துக்கொண்டிருக்கிறது. என் வாய்க்கு மதிப்பு போனால் அதற்காகப் பேச வேறு யாரும் இல்லை. என் உதவித்தொகையும் டிசம்பரோடு முடிகிறது.

உன்மேல் எனக்கு வந்திருக்கும் கோபத்தை எழுதக் காகிதம் போதாது.
ஜுமானா


மட்டாஞ்சேரி
28 ஏப்ரல் 2025

ஜும்மு,

படித்துவிட்டு அழுதேன். அடுப்பில் கறி கரிந்துபோயிற்று. உன் மச்சான் என்ன என்று கேட்டார், சொன்னதும் அவரும் சாயாவைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

தெரியாமல் செய்தேன். நாற்றமடிக்கிற ஒன்றைக் கழுவாமல் அனுப்ப நம் வீட்டில் யாரும் பழகவில்லை. மன்னித்துக்கொள். இதற்கு மேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஊர்க் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிவிடு. மட்டாஞ்சேரியில் ரஹீனா என்று ஒரு மண்டு இருக்கிறாள், அவள்தான் கெடுத்தாள் என்று சொல். தீவில் எனக்குச் சம்பந்தம் பேச யாருமில்லை, கௌரவம் குறைந்தால் குறையட்டும்.

ஆனால் கேள். பாட்டிலைக் கெடுத்தது நான். அந்தப் பாட்டிலை வைத்து அவள் பிழைப்பை நிறுத்தியது நான் இல்லை. இப்போது அது தப்பு என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உன் சாருக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. அவள் கையால் தினமும் சோறு வாங்கித் தின்றுகொண்டு செப்டம்பர் வரை வாயை மூடி இருப்பாயா? உன்னால் முடியாது. சின்ன வயசில் ஒரு மாங்காயைத் திருடித் தின்றுவிட்டு உனக்கு ஜுரம் வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அடுத்த எண்ணை நம்புவார்களா என்று எனக்குத் தெரியாது. நீ மறைத்து, அது பிறகு வெளியே வந்தால், நிச்சயம் நம்ப மாட்டார்கள். அது எனக்கே தெரிகிறது.

போனை இனி எடுக்கிறேன். ஆனால் இதை முடித்துவிட்டுக் கூப்பிடு.
ரஹீனா


தீவிலிருந்து
12 மே 2025

அன்புள்ள லாத்தா,

மழைக்கு முன்னால் போகிற கப்பலில் இது வருகிறது. இங்கே போன் பேசினால் பாதி வார்த்தை காற்றில் போகிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

சொல்லிவிட்டேன். அதே பள்ளிக்கூடம், அதே ஆபீசர், அதே ஜனம். காலிப் பாட்டிலில் சுத்தமான தண்ணீரை ஊற்றி அவர்கள் கண்முன்னால் மருந்தை விட்டேன். நீலமானதும் முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பாட்டிலில் சோப்பு இருந்திருக்கிறது, மார்ச்சில் நான் சொன்னது செல்லாது என்றேன். "யார் கழுவியது?" என்று ஆபீசர் கேட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை. பெட்டிக்கு ஒரு காலிப் பாட்டிலைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். முதல் பெட்டியில் செய்தேன். இரண்டாவதும் நானே கழுவியதுதானே என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு, அதைத்தான் சொன்னேன்.

பின்வரிசையில் ஒருவர், "அப்போ அது மட்டாஞ்சேரி சோப்பாக்கும்!" என்றார். கூட்டமே சிரித்தது. இப்போது சின்னப் பிள்ளைகள் என்னைச் சோப்பு மேடம் என்கிறார்கள். சாருக்கு என்மேல் கோபம், கூட்டம் நடந்த நாளிலிருந்து பேசவில்லை.

சிரிப்பு அடங்கியதும் பீவித்தா எழுந்தார்.

"அப்போ என் தண்ணி குத்தம் இல்லையா, மோளே?"

இல்லை என்று சொல்லியிருந்தால் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். நானும்தான்.

"தெரியாது இத்தா" என்றேன். "பவளம் சாகுது, அது கண்ணால பாத்தது. எதனாலன்னு எனக்கு இன்னும் தெரியாது."

அவர் உட்கார்ந்ததும் ஆபீசர் மார்ச்சில் போட்ட தடையை நீக்கிவிட்டார். மறுநாள் கல்லில் துவைக்கிற சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். அந்தச் சத்தம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நினைத்ததும் பயமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தேதான் இருக்கிறது.

உன்மேல் கோபம் இல்லை. எழுதிய வார்த்தைகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.
ஜும்மு


மட்டாஞ்சேரி
18 செப்டம்பர் 2025

ஜும்மு கண்ணு,

காக்கநாட்டு லேபில் உன் சாரே புதுப் பாட்டில் பெட்டிகளைக் கொடுத்தார். உர்ரென்றுதான் இருந்தார். ஆனால் கிளம்பும்போது, "அவ செஞ்சது சரி. எனக்கு அந்த தைரியம் வரல" என்றார். உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். உன் உதவித்தொகையை ஆறு மாசம் நீட்டிக்கவும் எழுதியிருக்கிறாராம்.

பெட்டிகளை வீட்டுக்கே கொண்டுவரவில்லை. நேராக வெலிங்டன் தீவு. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மூச்சுகூட மெதுவாக விட்டேன். கப்பல்காரப் பையன் துண்டை எடுத்து மூடியைத் துடைக்கப் போனான். நான் போட்ட கூச்சலில் வார்ஃபில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தத் தடவை எண் எப்படி வந்தாலும், யாரிடம் முதலில் சொல்வாய்?

பதிலை நீயே வைத்துக்கொள்.
லாத்தா


தீவிலிருந்து
26 அக்டோபர் 2025

அன்புள்ள லாத்தா,

எண் வந்துவிட்டது. எல்லாப் பெட்டியிலும் காலிப் பாட்டிலைச் சோதித்தேன், நிறமே வரவில்லை. பிறகுதான் கடலுக்குப் போனேன். பீவித்தா துவைக்கிற நாட்களிலும் துவைக்காத நாட்களிலும் பிடித்தேன். மார்ச்சில் சொன்ன பத்து மடங்கு எங்கேயும் இல்லை. ஆனால் துவைக்கிற நாட்களில் கல்லுக்கு எதிரே இரண்டு மடங்கு ஏறுகிறது, துவைக்காதபோது இறங்கிவிடுகிறது. பவளம் சாக இரண்டு மடங்கு போதும்.

அவர் தண்ணீர்தான் லாத்தா.

நேற்றுக் காலை அவர் அடுக்களைக்குப் போனேன். சாரிடம்கூட அப்போது சொல்லியிருக்கவில்லை. தப்பான எண்ணை ஊருக்கு முன்னால் சொன்னபோது எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. சரியான எண்ணை ஒருவரிடம் சொல்ல என் நாக்கு எழவில்லை. சொன்னேன். அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

"இந்த வட்டம் காலிக் குப்பிய பாத்தியா?"

"பாத்தேன் இத்தா. எல்லாப் பெட்டியிலும்."

"கலர் வந்துச்சா?"

"வரல."

மாவை உருட்டி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"அத்தன பேர் சிரிக்கறப்போ, தெரியாதுன்னு நின்னவ நீ. எனக்கு வேண்டியாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சொல்லல. இப்ப தெரியும்னு சொல்றே. அப்போ நான் வேற யாரையும் கேக்க வேண்டிய ஆவசியம் இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. "அழுதா என் விரிப்பு வெளுக்குமா?" என்று அதட்டினார்.

சாயங்காலக் கூட்டத்துக்கு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தார். நான் எண்ணைச் சொல்லி முடித்ததும் விடுதிக்காரர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆபீசர் பேனாவை எடுத்தார், மறுபடியும் நிறுத்தச் சொல்லத்தான். பீவித்தா எழுந்தார்.

"கல்ல நான் கரையிலேர்ந்து மாத்தறேன், தெங்குத் தோப்புப் பக்கம். தண்ணி விழ ஒரு தொட்டி கட்டணும், அங்கேர்ந்து வாழைக்குப் போகட்டும். ஆனா விரிப்பு என்னோடது இல்ல, உங்க விருந்தாளியோடது. தொட்டிய நீங்கதான் கட்டணும். பாஸ்பேட் இல்லாத சோப்பு எதுன்னு இவ சொல்லுவா, அதையும் நீங்கதான் வாங்கித் தரணும்."

விடுதிக்காரர் ஒருவர், இந்தப் பெண் போன தடவை தப்பாகச் சொன்னவள்தானே என்று ஆரம்பித்தார். பீவித்தா அவரை முடிக்க விடவில்லை.

"தப்புன்னு நமக்கு சொன்னதும் இவதானே. நீங்க கண்டுபிடிச்சீங்களா?"

ஆபீசர் எழுதிக்கொண்டது தொட்டியைப் பற்றி. இன்று காலையில் விடுதிக்காரர்கள் மண்வெட்டியோடு தோப்பில் வந்து நிற்கிறார்கள். எங்கே வெட்டுவது என்று பீவித்தா காலால் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கும் ஒரு மண்வெட்டி எடுத்து வைத்திருக்கிறாராம். கூப்பிடுகிறார், போகிறேன்.

ஜும்மு